ஏழு லென்ஸும் ஒரு பெரியப்பாவும்

என்கிட்ட ஏழு டெலி லென்ஸ் இருக்கு. ஏழுல அஞ்சு கிட்டத்தட்ட ஒண்ணுதான், 135 எம்எம். "ஒரே சட்டைய அஞ்சு கலர்ல வாங்குற மாதிரியாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. இல்லம்மா, அஞ்சும் ஒரே கலர், கறுப்பு :-)

எல்லாமே நான் பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, உள்ள கரண்ட் ஓடுற சமாச்சாரம் எதுவும் கிடையாது. கண்ணாடி, பித்தளை, அலுமினியம், கொஞ்சம் கிரீஸ், அவ்ளோதான். ஏழுக்கும் சேர்த்து நான் போட்டது 23,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. மக்களே, இதைப் படிச்சிட்டு யாரும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க. ஒண்ணு வாங்கினா ஒம்போது வாங்கச் சொல்லும்.

கொசுவத்திய லைட்டா சுத்திக்கிறேன். எங்க பெரியப்பா கோவில்பட்டியில ஸ்டுடியோ வச்சிருந்தார். 1984ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும். எட்டயபுரம், கழுகுமலைன்னு சுத்துவட்டாரத்துல பாதி கல்யாண ஆல்பம் அவர் எடுத்ததுதான். பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 எம்எம் ஒண்ணு, 135 எம்எம் ஒண்ணு. டிஜிட்டல் வந்தப்போ ரெண்டு மூணு வருஷம் தாக்குப்பிடிச்சுப் பாத்தார், முடியல. கடைய மூடும்போது கேமராவும் 50 எம்எம்மும் ஃப்ளாஷும் வித்துப் போச்சு. 135ஐ மட்டும் எவனும் கேக்கல. அது ஒரு மஞ்சத் துணியில சுத்தி பீரோவுல கெடந்துச்சு.

2023 மே மாசம் லீவுக்குப் போனப்போ அது என் கையில வந்துச்சு. கையில வாங்கின உடனே ஆச்சரியம், இத்தனூண்டு இருக்கே! எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 135 எம்எம் எஃப் 3.5. எடை 270 கிராம். முன்னாடி வெயில் மறைக்கிற ஹுட்டு உள்ளயே இருக்கு, இழுத்தா வெளிய வரும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினா வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. நாப்பது வருஷம் பழைய சாமான்! என்னோட ஆபீஸ் லேப்டாப் மூணு வருஷத்துல கீல் உடைஞ்சு தொங்குது.

"எடுத்துட்டுப் போறியாடே? போ. எனக்கெதுக்கு"ன்னார் பெரியப்பா. ஆனா குடுக்கும்போது ரெண்டு தடவ துடைச்சுட்டுத்தான் குடுத்தார்.

ஏன் 135ஐ யாரும் கேக்கலைங்கறதுக்கு ஒரு கதை இருக்கு. லைக்கா மாதிரியான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா காலத்துலயே 135 எம்எம்தான் எல்லை. அதுக்கு மேல போனா அந்தக் கேமராவால துல்லியமா ஃபோகஸ் பண்ண முடியாது. அப்புறம் கண்ணாடி வச்ச எஸ்எல்ஆர் வந்துச்சு. 1960, 70கள்ல கேமரா வாங்கினவன் கூடவே வாங்கின முதல் எக்ஸ்ட்ரா லென்ஸ் பெரும்பாலும் ஒரு 135. ஜப்பான்ல செஞ்சாங்க, கிழக்கு ஜெர்மனியில செஞ்சாங்க, சோவியத் யூனியன்ல செஞ்சாங்க. செஞ்சுகிட்டே இருந்தாங்க. 80கள்ல ஜூம் லென்ஸ் மலிவா வந்ததும் எல்லாம் ஒட்டுமொத்தமா பீரோவுக்குள்ள போயிடுச்சு. உலகம் பூரா பீரோவுல 135 கெடக்கு. அதான் இவ்ளோ மலிவு. சரக்கு மட்டம்னு இல்ல, ஜாஸ்தி. அவ்ளோதான்.

சரி, அத இன்னிக்கு கேமராவுல மாட்டுறது எப்படி? இங்கதான் என் இன்ஜினியரிங் மூளை குதிச்சு எழுந்துச்சு. ஒவ்வொரு கேமராவுக்கும் லென்ஸ் மாட்டுற வளையத்துலேர்ந்து ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. பென்டாக்ஸுக்கு 45.46 எம்எம். அதுக்கு முன்னாடி இருந்த எம்42ங்கற மரை லென்ஸுக்கும் அதே 45.46. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சிருந்த சோனி ஏ6000க்கு அந்தத் தூரம் வெறும் 18 எம்எம். நடுவுல 27.46 எம்எம் நீளத்துக்கு ஒரு வெத்துக் குழாய் போட்டா சோலி முடிஞ்சது. உள்ள கண்ணாடிகூட வேணாம். அந்தக் குழாய்க்குப் பேர்தான் அடாப்டர், 900 ரூபா. அதே எம்42 லென்ஸை ஒரு நிக்கான் எஸ்எல்ஆர்ல மாட்டணும்னா முடியாது, ஏன்னா நிக்கானோட தூரம் 46.5. லென்ஸ் ஒரு எம்எம் வெளிய தள்ளி நிக்கும், தூரத்துல இருக்குறது எதுவும் ஃபோகஸ் ஆகாது. இதெல்லாம் தெரியாம வாங்கி நெட்டுல புலம்புறவங்க நிறைய பேர். நானே அந்த லிஸ்ட்லதான் இருந்திருப்பேன், சோனி காப்பாத்துச்சு.

ஒரு லென்ஸ் இருந்தா நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்? இன்னொண்ணு வேணும்ல. இந்த ஒரு வாக்கியத்துலதான் என் பேங்க் பேலன்ஸ் கவுந்துச்சு.

முதல்ல ஒரு சூப்பர் டகுமார் 135 எஃப் 3.5. இதுவும் பென்டாக்ஸ் செஞ்ச அசாஹி கம்பெனியோடதுதான், பென்டாக்ஸ்-எம்முக்கு அப்பா தலைமுறை. அடுத்தது ஜுபிட்டர் 37ஏ, சோவியத் சரக்கு. இதோட பூர்வீகம் ஜெர்மனியில லுட்விக் பெர்ட்டெலேங்கறவர் போட்ட ஸோனார் டிசைன். மூணாவது பென்டகான் 135 எஃப் 2.8, கிழக்கு ஜெர்மனி. முதல்ல மேயர் கம்பெனி ஒரெஸ்டார்ங்கற பேர்ல செஞ்சது. இதுல அப்பர்ச்சர் இதழ் மட்டும் 15! சாதாரண லென்ஸ்ல ஆறோ எட்டோ இருக்கும். 15 இதழும் சேர்ந்து மூடும்போது பாக்கணும், தாமரை மூடுற மாதிரி. ஒரு வாரம் போட்டோ எடுக்கல, சும்மா தெறந்து தெறந்து மூடிட்டு இருந்தேன். ரூம்மேட் என்னை ஒரு மாதிரி பாத்தான்.

நாலாவது நிக்கார் 200 எஃப் 4. அஞ்சாவது ஒரு 135 எஃப் 2.8, பேர் சொன்னா செஞ்சவங்களுக்கே ஞாபகம் இருக்காது. 1,200 ரூபா. "கண்டிஷன் சூப்பர் பாஸ்"னு சொல்லி வித்தாரு ஒரு புண்ணியவான். வீட்டுக்கு வந்து பின்பக்கம் மொபைல் டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள மார்கழி மாசம். பனி மூடிக் கெடக்கு. ஃபோகஸ் மரையில போட்ட பழைய கிரீஸ், சூட்டுல எண்ணெயா கசிஞ்சு ஆவியாகி உள் கண்ணாடியில போயி மெல்லிசா படியும். சும்மா வெளிச்சத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது. டார்ச் அடிச்சாதான் வண்டவாளம் வெளிய வரும். பழைய லென்ஸ் வாங்குறவங்க மத்ததெல்லாம் மறந்தாலும் இந்த டார்ச் சோதனைய மறக்காதீங்க.

ஆறாவது கதைதான் அசிங்கம். 400 எம்எம் எஃப் 6.3, பாக்க பிவிசி பைப்பு மாதிரி இருக்கும். மரை போட்டது. விட்டம் 42 எம்எம்னு ஸ்கேல் வச்சு அளந்தேன். ஆஹா, எம்42ன்னு அடாப்டர்ல வச்சுத் திருகினேன். ஒண்ணரை சுத்து போச்சு, நின்னுடுச்சு. கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம் நல்லாவே அழுத்தினேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. டி மவுண்ட்னு ஒண்ணு இருக்கு, அதுவும் 42 எம்எம் விட்டம்தான். ஆனா மரையோட இடைவெளி எம்42க்கு 1 எம்எம், டி மவுண்டுக்கு 0.75 எம்எம். முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவன் செஞ்ச வேலை இது. (ஆமா, மெக்கானிக்கல் படிச்சுட்டுத்தான் ஜாவாவுல ஆணி புடுங்குறேன். யாரும் சிரிக்க வேணாம்.)

சோதனைக்கு எங்க மொட்டை மாடிதான் லேப். துரைப்பாக்கத்துல எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதுல "அபாயம் 11000 வோல்ட்"னு போர்டு, நடுவுல மண்டை ஓடு. டிரைபாட், ஐஎஸ்ஓ 100, ரெண்டு செகண்ட் டைமர், ஒவ்வொரு லென்ஸுக்கும் முழுசா தெறந்து ஒண்ணு, எஃப் 5.6ல ஒண்ணு, எஃப் 8ல ஒண்ணு. அந்த மண்டை ஓட்டுக்குப் பல்லு எத்தனைன்னு எனக்கு மனப்பாடம்.

முதல் ரெண்டு வாரம் ரிசல்ட் எல்லாம் கேவலம். ஒரே லென்ஸ், ஒரே செட்டிங், ஒரு படம் கூர்மை, அடுத்தது கூழ். லென்ஸைத் திட்டினேன், அடாப்டரைத் திட்டினேன், டிரைபாட் கால்ல ரெண்டு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். கடைசியில பாத்தா குற்றவாளி மேல இருக்கார், சூரியன். நான் சனிக்கிழமை சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு மாடிக்குப் போறேன். அந்த நேரத்துல மெட்ராஸ் மொட்டை மாடித் தரையிலேர்ந்து எழும்புற அனல்ல காத்தே நெளியுது. டெலி லென்ஸ் தூரத்தை மட்டுமா பெருசாக்கும், நடுவுல இருக்குற நெளிசலையும் சேர்த்துத்தான். காலைல ஆறரைக்குப் போயி எடுத்தேன், எல்லாம் சரியாப் போச்சு. என் வாழ்க்கையில ஆறரை மணிய நான் பாத்தது அப்பதான்.

ரிசல்ட் கேட்டா ஏமாந்துடுவீங்க. எஃப் 8ல நாலு நல்ல 135ஐயும் கலச்சுப் போட்டு, எது எதுல எடுத்ததுன்னு ரூம்மேட்டக் கேட்டா அவனுக்குத் தெரியல. அது போகட்டும், எனக்கே தெரியல. முழுசா தெறந்து எடுத்தாதான் குணம் வெளிய வருது. டகுமாரும் பென்டாக்ஸ்-எம்மும் நல்ல கூர்மை, ஆனா வெள்ளை வானத்துக்கு முன்னாடி கேபிள் வயர் போனா ஓரத்துல ஊதா கோடு இழுக்கும். ஜுபிட்டர்ல 12 இதழ், அதனால அப்பர்ச்சரக் குறைச்சாலும் பின்னாடி தெரியுற விளக்கெல்லாம் வட்டமாவே இருக்கும். பென்டகான் எஃப் 2.8ல கொஞ்சம் சாஃப்ட்டு, ஆனா முகம் எடுத்தா அந்த சாஃப்ட்டே அழகு. நிக்கார் 200ஐ எடுத்துட்டு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போனேன். பூநாரை நின்னுச்சு. படத்துல ரோஸ் கலர் கமா மாதிரி இருக்கு. பறவை எடுக்கணும்னா 200 பத்தாது, சொல்லிட்டேன்.

வெயில் பட்டா எல்லாப் பழைய லென்ஸும் வெளுக்கும். அதுக்கு 250 ரூபா ரப்பர் ஹுட்டு போட்டா வர்ற வித்தியாசம், ரெண்டு லென்ஸுக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்தைவிட ஜாஸ்தி. இத ஆறு லென்ஸ் வாங்கினதுக்கப்புறம்தான் கண்டுபிடிச்சேன். ஹி ஹி.

இதெல்லாம் ஓடிட்டு இருக்கும்போது 2023 நவம்பர் டிசம்பர் மழை. புயல் வந்து கரண்ட் இல்லாம நாங்க கெடந்த நாளெல்லாம் லென்ஸும் அலமாரியில கெடந்துச்சு. ஜனவரியில எடுத்துப் பாத்தா ஜுபிட்டருக்குள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா... ஃபங்கஸ். பகீர்னு ஆயிடுச்சு. கடற்கரை ஊரு, ஈரக்காத்து, அதுக்குக் கொண்டாட்டம். ஓரத்துல மட்டும்தான் இருந்துச்சு, கழட்டி ஹைட்ரஜன் பெராக்சைடு வச்சுத் துடைச்சேன், போயிடுச்சு. ஆனா கோட்டிங்ல லேசா தழும்பு இருக்கு. அன்னிக்கே காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற 300 ரூபா மீட்டர் எல்லாம் வாங்கினேன். பெரியப்பா லென்ஸை மட்டும் தனி டப்பாவுல போட்டேன். கோவில்பட்டி கரிசல் பூமி, காஞ்ச காத்து. அங்க பீரோவுல பத்துப் பதினாலு வருஷம் சும்மா கெடந்தும் ஒரு புள்ளி வரல. இங்க ஒரு மழையில கெட்டுப் போச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுகிட்டு ஊருக்குப் போறது?

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ ஏழையும் பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனேன். பெரியப்பாகிட்ட காட்டி சீன் போடணும்னு ஆசை. அவரு காலத்துல ஒரு 135தான், நம்மகிட்ட அஞ்சு.

சாயங்காலம் திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தேன். பென்டகான் இதழ் மூடுறத விரலால தடவிப் பாத்தார். 400 எம்எம் குழாயப் பாத்து, "இது என்னடே, மோட்டார் பம்புசெட்டுக்கு வாங்குனியா?"ன்னார். அடாப்டர் மாட்டிகிட்ட கதையச் சொன்னேன், பெரியம்மா உள்ள இருந்து சிரிச்சாங்க.

அப்புறம் டார்ச் சோதனையக் காட்டினேன். முதல்ல அவரோட பென்டாக்ஸ்-எம். பின்னாடி டார்ச் அடிச்சு, "பாருங்க பெரியப்பா, எப்படி வச்சிருக்கேன்"னு பெருமையா நீட்டினேன். உள்ள பளிங்கு மாதிரி இருக்கு. வாங்கிப் பாத்தார். திருப்பிப் பாத்தார். மூஞ்சி மாறிடுச்சு.

"என்னடே இது... பனியா மூடிட்டு இருக்கு?"

"எது பெரியப்பா?"

"எம் லென்ஸுதான். ஃபங்கஸா எண்ணெயா தெரியல. மெட்ராஸுக்குக் கொண்டு போயி கெடுத்துட்டியேடே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாங்கிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அந்த 1,200 ரூபா லென்ஸை எடுத்து, "இதுதான் பெரியப்பா பனி, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க"ன்னேன். பாத்தார். "ரெண்டுலயும்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு லென்ஸைக் கீழ வச்சுட்டார். கோவமா பேசல, அதான் கஷ்டமா இருந்துச்சு. மஞ்சத் துணிய எடுத்து அவரே சுத்தி வச்சார்.

நான் விடல. சின்னப் பையன் மாதிரி வாதாடினேன். டப்பா, சிலிக்கா ஜெல், மீட்டர் எல்லாம் சொன்னேன். நெகட்டிவ்ல ஒரு தூசி இருந்தா ஜன்னல் வெளிச்சத்துல கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். அவர் இருக்குன்னு சொன்னா இருக்கணும். ஆனா என் கண்ணுக்குத் தெரியலையே? ஒருவேள நான்தான் குற்ற உணர்ச்சியில பாக்க மாட்டேங்குறேனா? தம்பியக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒரு செகண்ட் பாத்துட்டு, "இது கிளீன், அது மங்கல்"னு சொல்லிட்டு கிரிக்கெட் பாக்கப் போயிட்டான்.

அப்பதான் தெரு விளக்கு எரிஞ்சுச்சு. பெரியப்பா அண்ணாந்து பாத்துட்டு, அவர் பாட்டுக்குச் சொன்னார். "இந்த எல்இடி வந்ததுலேந்து லைட்டச் சுத்தி ஒரு வட்டம் அடிக்கி. பழைய மஞ்ச லைட்டுதான் நல்லாருந்தது."

நான் விளக்கப் பாத்தேன். வட்டம் எதுவும் இல்ல.

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா என்ன செய்வோம்? ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம். நல்ல லென்ஸ் போட்டா பனி, கெட்ட லென்ஸ் போட்டா பனி, லென்ஸே இல்லாமப் பாத்தாலும் வட்டம். மிச்சம் இருக்குறது ஒரே ஒரு லென்ஸ்தான். அத நான் எண்ணிக்கையிலயே சேக்கல.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா கூடி வந்துச்சு. ரெண்டு வருஷமா ராத்திரியில டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுறத விட்டுட்டார், கேட்டா "பெட்ரோல் விக்கிற வெலையில"ம்பார். எதிர்ல வர்ற வண்டி லைட்டு கண்ணுல தெறிக்குதுன்னு அன்னிக்குத்தான் வாயத் தெறந்து சொன்னார். இன்னொண்ணு, இந்த வயசுல கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறார்னு குடும்பமே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுட்டு இருந்தோம். அதுவும் புரையோட வேலைதான்னு அப்புறம் டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் முத்தி இறுகும்போது கிட்டப்பார்வை கூடும், அதனால கொஞ்ச நாளைக்குப் படிக்கிறது மட்டும் ஈஸியா இருக்குமாம். நாங்க சுத்திப் போட்டதெல்லாம் நோவுக்கு!

டிசம்பர் 2024ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணுல ரொம்ப. முதல்ல வலது. லென்ஸ் எது வேணும்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில இப்படி ஒரு கேள்வி வரும்னு நான் எதிர்பாக்கல. ஒரு மேடம் அட்டையில படம் வச்சு விளக்குனாங்க. ஒரு வகை, ஒரே தூரத்துக்கு ஃபோகஸ் ஆனது, பொதுவா தூரத்துக்கு வைப்பாங்க, படிக்க மட்டும் கண்ணாடி போடணும். இன்னொரு வகை, வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சு தூரத்துக்கும் கிட்டத்துக்கும் அனுப்பும், பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது, விலை பல மடங்கு. ஆனா சிலருக்கு ராத்திரியில விளக்கச் சுத்தி வட்டம் தெரியும், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும்.

பெரியப்பா என்னைப் பாத்தார். "ஃபிக்ஸட் லென்ஸும் ஜூமும் மாதிரிதான் பெரியப்பா"ன்னேன். அது டெக்னிக்கலா சரியில்ல, ஆனா அவருக்குப் புரிஞ்சுது.

"அப்போ ஃபிக்ஸட் போதும்மா. வட்டம் பாத்து சலிச்சுப் போச்சு"ன்னார் அந்த மேடத்துகிட்ட. (எல்லாருக்கும் அதுதான் சரின்னு சொல்ல நான் டாக்டர் இல்ல.)

வெளிய பெஞ்சுல காத்துட்டு இருக்கும்போது வழக்கம் போல மொபைல்ல தோண்டினேன். கண்ணுக்குள்ள செயற்கை லென்ஸ் முதல்ல வச்சது ஹெரால்டு ரிட்லிங்கற டாக்டர், லண்டன்ல, 1949 நவம்பர். போர் விமானம் ஓட்டினவங்க கண்ணுல விமானக் கண்ணாடியோட பிளாஸ்டிக் சில்லு தெறிச்சும் கண்ணு அத ஒதுக்காம இருந்ததப் பாத்துட்டு, அதே மாதிரி பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு வச்சார். அதே 1949லதான் எம்42 மரை போட்ட காண்டாக்ஸ் எஸ் கேமராவும் வந்துச்சு. சும்மா ஒரு பொருத்தம், அவ்ளோதான். இன்னொண்ணு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. இந்த லென்ஸ் ரொம்ப நாளா வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும், ஏழை பாழைக்கு எட்டாத விலை. 1992ல மதுரையிலயே ஆரோலேப்னு ஆரம்பிச்சு இங்கயே செஞ்சு விலைய அடிச்சு இறக்கினாங்க. ரெண்டு வருஷமா மலிவு லென்ஸ் மலிவு லென்ஸ்னு உலகம் பூரா தேடிட்டு இருக்கேன், உலகத்துலயே பெரிய மலிவு லென்ஸ் விவகாரம் கோவில்பட்டியிலேர்ந்து நூறு கிலோமீட்டர்ல நடந்திருக்கு.

ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகல. பழைய லென்ஸை அதிர்வு குடுத்து உடைச்சு உறிஞ்சிட்டு, புதுச மடிச்சு மூணு எம்எம்முக்கும் குறைவான வெட்டு வழியா உள்ள விட்டா அது தானா விரியுது. அதோட விட்டம் 6 எம்எம். நான் 42 எம்எம் மரையவே மாட்டத் தெரியாம நிக்கிறேன்.

மறுநாள் கட்டுப் பிரிச்சாங்க. உணர்ச்சிகரமா எதாச்சும் சொல்வார்னு பெரியம்மா கையப் புடிச்சுட்டு நின்னாங்க. அவர் குனிஞ்சு தன் வேட்டியப் பாத்தார். "ஏன்ட்டி, இவ்வளவு நீலமா போட்டு வச்சிருக்க?"

விஷயம் என்னன்னா, ரெண்டு வருஷமா வேட்டி மஞ்சளா இருக்கு, வெளுப்பு சரியில்லன்னு தினம் சண்டை. பெரியம்மாவும் பாவம், கொஞ்சம் கொஞ்சமா சொட்டு நீலத்தைக் கூட்டிட்டே வந்திருக்காங்க. மஞ்சள் வேட்டியில இல்ல, கண்ணுல இருந்திருக்கு. வயசான கண் லென்ஸ் மஞ்சளாகும், நீல வெளிச்சத்தைத் தடுக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி பெரியம்மா ஒயிட் பேலன்ஸ் பண்ணியிருக்காங்க! அவங்க அன்னிக்குக் கட்டியிருந்த கருநீலச் சேலைய ரெண்டு வருஷமா பாசிப்பச்சைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கார். அதுக்குத் தனியா பாட்டு வாங்கினார்.

2025 பொங்கலுக்குப் போனேன். வலது கண்ணு புதுசு, இடது பழசு. இதுக்கு மேல ஒரு கம்பேரிசன் டெஸ்ட் யாருக்குக் கெடைக்கும்? எல்லா லென்ஸையும் மறுபடி எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தார். திண்ணையில உக்காந்து, டார்ச் அடிச்சு, ஒரு கண்ண மூடிப் பாக்குறார், மறு கண்ண மூடிப் பாக்குறார். முதல்ல மஞ்சத் துணியப் பிரிச்சு அவரோட லென்ஸ். வலது கண்ணுல ரொம்ப நேரம் பாத்தார். ஒண்ணும் சொல்லல. ஹுட்ட இழுத்து உள்ள தள்ளினார். மறுபடி இழுத்தார்.

அப்புறம் ஆரம்பிச்சுட்டார். ஜுபிட்டர எடுத்து, "இதுல ஓரத்துல தழும்பு இருக்கு, தொடச்சிருக்க"ன்னார். நான் அவர்கிட்ட அந்தக் கதைய அதுவரைக்கும் சொல்லவே இல்ல. டகுமார் நல்லாருக்காம். அந்த 1,200 ரூபா லென்ஸைத் தூக்கிப் பாத்துட்டு, "இதை எவன்டே உன் தலையில கட்டுனான்?"

சோனிய வாங்கி அவர் லென்ஸை மாட்டினார். அவர் அடிச்ச முதல் டிஜிட்டல் படம் எதிர் வீட்டு வாசல்ல கோலத்துக்கு நடுவுல பூசணிப்பூ வச்சுட்டு இருந்த பொண்ணு. ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி போயிருக்கு, திரைய கிட்டத்துல பாக்கப் படிக்கிற கண்ணாடி வேணும், அத எங்கயோ வச்சுட்டார். எட்டுப் படம் எடுத்தார். நான் ரெண்டு வருஷத்துல எடுத்த ஆயிரத்துச் சொச்சத்துல மண்டை ஓடு நீங்கலா எத்தன தேறும்னு அன்னிக்கு ராத்திரி எண்ணிப் பாத்தேன். எண்ணிக்கைய இங்க சொல்ல மாட்டேன்.

மார்ச்ல இடது கண்ணும் ஆச்சு, அதே கம்பெனி, அதே ஃபிக்ஸட். லென்ஸ் இப்போ கோவில்பட்டியிலதான் இருக்கு, நானே குடுத்துட்டு வந்துட்டேன். ஏ6000ஐயும் கேக்குறார், அதுதான் யோசனையா இருக்கு.

400 எம்எம் குழாயையும் அங்கயே விட்டுட்டு வந்திருந்தேன். போன வாரம் போன் பண்ணினார். சைக்கிள் டியூப்ப வெட்டிச் சுத்தி, வென்னீர்ல அடாப்டரை மட்டும் முக்கி, பக்கத்து லேத் பட்டறைப் பையன ஒரு பக்கம் புடிக்கச் சொல்லி திருகியிருக்கார். கழண்டுடுச்சாம். அடாப்டர் மரை மொத்தமும் போச்சு, லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல. "900 ரூபாதானடே, வேற வாங்கு. இந்தத் தடவ மரைய அளந்து வாங்கு"ன்னார்.